ஆயில் மூடியில் வெள்ளைப் பசை, சைலன்சரில் சொட்டு: வெறும் ஈரமா, கூலண்ட் கசிவா?

மழை பிடித்துவிட்டால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "ஆயில் மூடியத் திறந்தா உள்ள தயிர் மாதிரி இருக்கு, ஹெட் கேஸ்கட் போச்சா?" (எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட்.) மார்த்தாண்டத்துக்கு மேற்கே உள்ளவர்கள் என்றால் "வண்டிக்கு அடியில வெள்ளம் ஒழுகுது" என்பார்கள், அங்கே வெள்ளம் என்றால் தண்ணீர். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும் நமக்கு உண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்கு மழையும் உண்டு. ஆக, காற்று ஈரமாக இருக்கும் மாதங்களே இங்கே அதிகம். எஞ்சினுக்குள் ஈரம் படிவது இயல்பு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கசிந்து எஞ்சினுக்குள் போவது பெரிய சேதம். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

குலசேகரம் பக்கத்தில் எங்கள் மாமாவுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. விடியும் முன்னே சின்ன பெட்ரோல் காரில் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர், பால் எடுத்து முடிந்ததும் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர், அவ்வளவுதான் அந்த வண்டியின் அன்றாட ஓட்டம். ஒரு மழைக்காலத்தில் ஆயில் மூடியில் வெள்ளையாகப் பசை பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு வொர்க்‌ஷாப்பில் காட்டினார். தண்ணி ஆயிலில் கலந்துவிட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்றார்கள். இறக்கினார்கள், ஃபேசிங் போட்டார்கள் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமன் செய்வது), புது கேஸ்கட் வைத்தார்கள், 18,000 ரூபாய் ஆனது. இரண்டு மாதத்தில் அதே பசை மறுபடியும் வந்துவிட்டது. "மருமகனே, நீ வந்து ஒரு தடவ பாரு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஆயில் கம்பி (ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்) சுத்தமாக இருந்தது, கூலண்ட் ஒரு விரல்கூடக் குறையவில்லை. கசிவே இல்லாத வண்டிக்கு ஹெட்டை இறக்கியிருக்கிறார்கள். பசை எதனால் வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிராகவும் நடந்தது. எங்கள் தெருவில் ஒருவர் வண்டிக்கு அடியில் சொட்டிய தண்ணீரை ஏசி தண்ணி என்றே மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்குப் போகும் வழியில் வள்ளியூர் தாண்டியதும் எஞ்சின் சூடு காட்டும் மீட்டர் சிவப்புக்கு ஏறியது, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டிவிட்டார். ஹெட் வளைந்துபோனது. அவருக்கு உண்மையிலேயே கசிவுதான், அதுவும் ஒரு பழைய ஹோஸில். ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை.

ஆகவே வீட்டிலேயே, ஸ்பானர் எடுக்காமல் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ, அழுத்த மூடி உள்ள கூலண்ட் பாட்டிலையோ திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திருப்பிய நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் திறந்து பாருங்கள்.

முதல் வேலை: பாட்டிலில் ஒரு கோடு

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். காலையில், வண்டியை எடுக்கும் முன், கூலண்ட் பாட்டிலில் இப்போது எந்த மட்டம் இருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, தேதியையும் கிலோமீட்டரையும் அதில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில், அதே குளிர்ந்த நிலையில் மறுபடியும் பாருங்கள். அதே இடம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மேற்கே நம் வீடுகள் பாதி ஏற்றத்தில், பாதி இறக்கத்தில், வண்டி சரிந்து நிற்கும்போது பாட்டிலில் மட்டம் ஒரு விரல் ஏறியோ இறங்கியோ காட்டும். ஓடி வந்ததும் மட்டம் உயர்ந்திருந்தால் அதுவும் பயப்பட ஒன்றுமில்லை, சூட்டில் கூலண்ட் விரிகிறது, அவ்வளவுதான். ரேடியேட்டருக்குத் தனி மூடி உள்ள வண்டி என்றால் அதையும் குளிர்ந்த பிறகு திறந்து விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். மூடி பழுதாகிவிட்டால் பாட்டில் நிறைந்தே நிற்கும், ரேடியேட்டர் உள்ளே காலியாகிக்கொண்டிருக்கும். பாட்டிலை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்தவர்கள் நிறைய பேர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள்.

மூடப்பட்ட அமைப்பில் கூலண்ட் குறையக் கூடாது. குறைந்தால் அது எங்கோ போகிறது. இந்தக் கோடு சொல்லும் சாட்சியம்தான் மற்ற எல்லா அறிகுறிகளையும் விடப் பெரியது. மாமா வண்டியில் ஹெட்டை இறக்கும் முன் ஒரு வாரம் இதைப் பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

ஆயில் மூடியின் உட்புறம் வெள்ளை, மஞ்சள் பசை

பெட்ரோல் எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. கொஞ்சம் இல்லை, ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்த ஆவி ஆவியாகவே இருந்து, பிசிவி வால்வ் (உள்ளே தேங்கும் ஆவியை எரிவதற்குத் திருப்பி விடும் சின்ன வால்வ்) வழியாக உறிஞ்சப்பட்டு, மறுபடி எரிந்து வெளியே போய்விடும். சூடாகாவிட்டால் எங்கே குளிர்ச்சி அதிகமோ அங்கே போய்ப் படியும். எஞ்சினில் உயரமான, காற்று படும், ஆயில் அதிகம் பாயாத இடம் ஆயில் ஊற்றும் வாய்தான். சோற்றுப்பானையின் மூடியில் நீர் கோத்து நிற்பதைப் போல அங்கே நீர் கோக்கும், ஆயிலோடு குழைந்து பசையாகும்.

மாமாவின் வண்டிக்கு இது பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்று கிலோமீட்டரில் கூலண்டே சரியாகச் சூடாகாது, ஆயில் அதற்கும் பின்னால்தான் சூடாகும். மீட்டர் முள் நடுவுக்கு வந்துவிட்டதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைப்பது தவறு. முள் காட்டுவது கூலண்டின் சூட்டை. ஆயில் முழுச் சூட்டை எட்ட அதற்குப் பிறகும் பல கிலோமீட்டர் ஓட வேண்டும்.

ஆனால் அவர் வண்டியில் இன்னொன்றும் இருந்தது, எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். "நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்கு?" என்ற பேச்சை எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். தெர்மோஸ்டாட் பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும், அதுவரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைத்து எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கும். அதைக் கழற்றினால் முதல் நிமிஷத்திலிருந்தே கூலண்ட் ரேடியேட்டரில் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். மழைக்கால விடியலில், குறைந்த தூர ஓட்டத்தில், அப்படிப்பட்ட எஞ்சின் ஒருநாளும் சூடாகாது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும், மூடியில் பசை பிடிக்கும். அந்தப் பசையைப் பார்த்து ஹெட் கேஸ்கட் என்பார்கள். மாமாவுக்குக் கடைசியில் தேவைப்பட்டது ஒரு தெர்மோஸ்டாட்டும் ஆயில் மாற்றமும் மட்டுமே.

இந்தப் பசை வெறும் ஈரம்தானா என்று பார்க்க: மூடியையும் ஊற்றும் வாயையும் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள், அதில் ஆயில் வழக்கமான நிறத்தில், தெளிவாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு நாள் வண்டியை நீளமாக ஓட்டுங்கள். நாகர்கோவிலில் இருந்தால் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி காவல்கிணறு வரை போய்த் திரும்பலாம், மேற்கே இருந்தால் நெடுஞ்சாலையைப் பிடித்து நாகர்கோவில் வந்து போகலாம். முக்கால் மணி நேரமாவது நிற்காமல் ஓட வேண்டும். வீட்டு முற்றத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஐடிலில் விடுவது இதற்கு ஈடாகாது, ஐடிலில் ஆயில் அவ்வளவு சூடாகாது, பெட்ரோல் எரிவதால் நீராவி மட்டும் கூடிக்கொண்டே இருக்கும். இப்படி இரண்டு மூன்று நீள ஓட்டத்துக்குப் பிறகு மூடி சுத்தமாகவே இருந்தால் அது ஈரம். மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு முறை இப்படி ஓட்டுங்கள், ஆயிலை கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நீள ஓட்டத்துக்குப் பிறகும் பசை திரும்பி வருகிறது, ஆனால் கூலண்ட் குறையவில்லை என்றால் பிசிவி வால்வும் அதன் குழாயும் அடைத்திருக்கின்றனவா, தெர்மோஸ்டாட் இருக்கிறதா, இருந்தால் திறந்தபடியே சிக்கி நிற்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது முள் கீழேயே கிடப்பது தெர்மோஸ்டாட் கோளாறின் தெளிவான அடையாளம்.

ஆயில் கம்பியிலும் பால் நிறம்

இங்கே பேச்சு மாறுகிறது. கம்பியின் நுனியில் டீ நிறத்தில், பால் கலந்ததுபோல், சோப்பு நுரைபோல ஆயில் தெரிந்தால், ஆயில் மட்டமும் முன்பைவிட உயர்ந்திருந்தால், கூலண்ட் பாட்டிலில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மூன்றும் சேர்ந்தால் கூலண்ட் ஆயிலுக்குள் போகிறது. ஹெட் கேஸ்கட் ஒரு வழி, ஆயில் கூலர் (கூலண்டால் ஆயிலைக் குளிர்விப்பது) உள்ள வண்டியில் அது இன்னொரு வழி, ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் மூன்றாவது வழி. கூலண்ட் கலந்த ஆயிலுக்குப் பேரிங்குகளைக் காக்கும் வலு இல்லை, பத்து கிலோமீட்டர் ஓட்டினால்கூடச் செலவு பல மடங்காகும். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

கம்பியின் மேல் பகுதியில் மட்டும், குழாயின் வாயை ஒட்டி, கொஞ்சம் பசை இருந்து நுனியில் ஆயில் தெளிவாக இருந்தால் அது மறுபடியும் ஈரம்தான், குழாயின் மேல் பகுதியும் குளிர்ந்த இடம்.

சந்தேகமாகவே இருந்தால் ஒரு பழைய சோதனை இருக்கிறது. சமையலுக்கு இனி பயன்படுத்தப்போகாத ஒரு பழைய தோசைக்கல்லோ கரண்டியோ எடுத்து, தண்ணீர் சொட்டினால் சுண்டும் அளவுக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு கம்பியிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை அதில் விடுங்கள். தண்ணீர் இல்லாத ஆயில் சத்தமில்லாமல் பரவும். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு போட்டதுபோலப் பொரியும், குமிழ் தெறிக்கும். கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், வெளியே திறந்த இடத்தில் செய்யுங்கள். இது ஆயிலில் தண்ணீர் உண்டு என்று சொல்லுமே தவிர அது ஈரமா கூலண்டா என்று சொல்லாது, அதைச் சொல்ல பாட்டிலில் நீங்கள் போட்ட கோடு வேண்டும்.

சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

பெரும்பாலும் கவலைப்படத் தேவையில்லாதது இது. மேலே சொன்ன அதே ஒரு லிட்டர் கணக்குதான்: எரிந்து வந்த நீராவி, குளிர்ந்த குழாயில் பட்டு நீராகி வெளியே சொட்டுகிறது. சைலன்சரின் அடியில் சிறு ஓட்டை ஒன்று பல வண்டிகளில் இதற்காகவே வைத்திருப்பார்கள், தண்ணீர் தேங்கித் தகடு துருப்பிடிக்காமல் இருக்க. சொட்டு கறுப்பாகத் தரையில் பொட்டு வைப்பதும் புகைக்கரி கலந்திருப்பதால்தான், ஆயில் என்று நினைத்துப் பதறாதீர்கள், விரலில் தேய்த்தால் வழுக்காது.

பதினைந்து இருபது நிமிஷம் நன்றாக ஓடிய பிறகும் சொட்டு நிற்கவில்லை, அதோடு பாட்டிலில் மட்டமும் இறங்குகிறது என்றால் கீழே உள்ளதைப் படியுங்கள்.

வெள்ளைப் புகை

வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே நம்பினால் இந்த இடத்தில் தவறு வரும். பனி பெய்யும் நாடுகளில் காலையில் எல்லா வண்டியும் வெள்ளைப் புகை விடும். நம் ஊரில் காற்று ஈரமாக இருந்தாலும் சூடு அதிகம், கடலோரத்தில் மார்கழியிலும் விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. பேச்சிப்பாறை, பாலமோர் பக்கம் மழை பெய்து ஓய்ந்த காலையில் மெல்லிய ஆவி தெரியலாம், இரண்டு மூன்று நிமிஷத்தில் மறைந்துவிடும், அது ஈரம். ஆனால் குளச்சலில் மத்தியான வெயிலில், சூடான எஞ்சினிலிருந்து, கெட்டியான வெள்ளைப் புகை வந்து தெருவில் தங்கி நிற்கிறது என்றால் ஈரம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

வேறுபாடு பார்ப்பது எளிது. ஈரத்தின் ஆவி குழாயை விட்டு ஒரு முழம் தள்ளியதும் கரைந்துவிடும், மணம் இருக்காது. கூலண்ட் எரிந்து வரும் புகை கரையாது, காற்றில் தொங்கும், இனிப்பான ஒரு மணம் அடிக்கும், வெல்லப்பாகு கருகியதுபோல என்று சிலர் சொல்வார்கள். குழாயில் மூக்கை வைத்து மோந்து பார்க்காதீர்கள், அது நச்சுப்புகை. நாலடி தள்ளி நின்றால் போதும். நீலம் கலந்த புகை ஆயில் எரிவது, அது வேறு கதை. டீசல் வண்டியில் காலையில் வரும் வெள்ளைப் புகை கண்ணை எரித்து டீசல் நாற்றம் அடித்தால் எரியாத டீசல், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உள்ளே சூடேற்றும் குளோ பிளக்கைப் பாருங்கள்.

டீசல்காரர்களுக்கு இன்னொரு செய்தி. பல புதிய டீசல் எஞ்சின்களில் இஜிஆர் கூலர் என்று ஒன்று உண்டு, புகையைக் கூலண்டால் குளிர்விப்பது. அது உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் புகையோடு கலந்து வெள்ளையாக வரும், பாட்டில் குறையும், ஆயில் சுத்தமாக இருக்கும். ஹெட்டை இறக்கும் முன் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி ஒரு நிமிஷம் உதறி, ஒரு சிலிண்டர் அடிக்காமல், பிறகு சரியாகிறதா? இரவில் சூடு ஆறும்போது மீதமிருந்த அழுத்தத்தில் கூலண்ட் துளித்துளியாக ஒரு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் மற்றவை வழக்கமான பழுப்பு நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல வெளுப்பாக இருக்கும். இப்படிப்பட்ட வண்டியில் ஸ்டார்ட்டர் திடீரென்று இறுகி நின்றால் மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டரில் நீர் நிறைந்திருந்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளையும்.

வண்டிக்கு அடியில் ஈரம்

ஏசி போட்டு வந்த வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டாவிட்டால்தான் யோசிக்க வேண்டும், அவ்வளவு ஈரம் நம் காற்றில். ஏசி தண்ணீர் பெரும்பாலும் முன்சீட்டின் இடது பக்கக் காலடிக்கு நேர் கீழே, முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் சொட்டும். நிறமில்லை, மணமில்லை, விரலில் பிசுபிசுக்காது. கூலண்ட் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறமாக இருக்கும், விரலிடுக்கில் தேய்த்தால் வழவழப்பு தெரியும். ருசி பார்க்க மட்டும் கூடாது, இனிப்பாக இருந்தாலும் அது விஷம். நாயும் பூனையும் ஆடும் அதை நக்கும், கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். முற்றத்தில் கூலண்ட் சிந்தியிருந்தால் மணல் போட்டு எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நம் ஊரில் இந்த நிறச் சோதனை ஏமாற்றும் ஒரு நிலை உண்டு: ரேடியேட்டரில் கூலண்டே இல்லாமல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓட்டும் வண்டி. கசிந்தாலும் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். அப்போது பழைய செய்தித்தாளை விரித்து இரவு முழுக்க வண்டிக்கு அடியில் வையுங்கள். ஏசி தண்ணீர், மழைத் தண்ணீர் காய்ந்தால் தாள் சுருங்கியிருக்கும், கறை இருக்காது. ரேடியேட்டர் தண்ணீர் துருவின் பழுப்பையோ வெள்ளைப் படிவத்தையோ விட்டுப்போகும். கடலோர ஊர்களில் கிணற்றில் உப்பு ஏறியிருக்கும், அந்தத் தண்ணீர் அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் உள்ளிருந்தே தின்னும். ஆகவே அப்படி ஓட்டிய வண்டியில் கசிவு வந்தால் ஓட்டையை அடைப்பதோடு நிற்காமல் முழுக்கக் கழுவி, டப்பாவில் சொல்லும் விகிதப்படி சுத்திகரித்த நீரோடு கூலண்ட் ஊற்றுங்கள். பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் போதும். வேறு வேறு நிறத்தை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

சொட்டு விழும் இடம் கசியும் இடம் என்று நினைக்க வேண்டாம், அடித்தகட்டில் ஓடி வேறு எங்கோ விழும், சரிவில் நிறுத்தினால் இன்னும் தள்ளிப்போகும். மேலேயிருந்து பாருங்கள்: ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்பின் புல்லிக்குக் கீழே உள்ள சின்ன ஓட்டை. அங்கெல்லாம் காய்ந்த கோடு, உப்புப் பூத்ததுபோல ஒரு படிவம் இருந்தால் கசிவு அங்கேதான். பம்பின் அந்த ஓட்டையிலிருந்து சொட்டினால் சீல் போய்விட்டது, பம்பை மாற்ற வேண்டும், ஓட்டையை எம்சீல் வைத்து அடைப்பதை நானே பார்த்திருக்கிறேன், அது பேரிங்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

காருக்குள் காலடியில் ஈரம்

இடது காலடி மேட் நனைந்திருந்தால் இரண்டில் ஒன்று. ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்து உள்ளே திரும்பியிருக்கலாம், அது வெறும் தண்ணீர், குழாயைக் குத்தி விட்டால் சரி. அல்லது ஹீட்டர் கோர் (சூடான கூலண்ட் ஓடும், காருக்குள் வெப்பக்காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது. அதற்கு அடையாளம், முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்போல ஒரு படலம், துடைத்தாலும் பிசுக்காகப் பரவும், அதோடு அந்த இனிப்பு மணம். மழையில் கண்ணாடி மங்குவது இயல்புதான், ஆனால் ஏசி போட்டால் அது தெளியும், இந்தப் படலம் தெளியாது.

பாட்டில் குறைகிறது, ஈரம் எங்கும் இல்லை

முதலில் ரேடியேட்டர் மூடி. அதில் 0.9, 1.1 என்பதுபோல அழுத்தம் அச்சிட்டிருக்கும். உள்ளே ரப்பர் வெடித்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சூட்டில் கூலண்ட் வழிந்து போய்விடும், சூடான இடத்தில் காய்ந்துவிடுவதால் தரையில் தெரியாது. அதே எண் உள்ள மூடியை வாங்கிப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். அதிகச் செலவில்லை, பல வண்டிகள் இத்தோடு சரியாகிவிடும்.

அடுத்தது, காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷத்துக்குள் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள், விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல். சூடே வராத நிலையில் அது கல்போல இறுகியிருந்தால் சிலிண்டரின் வாயு கூலண்டுக்குள் வருகிறது. குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து குமிழ் வருகிறதா என்றும் பார்க்கலாம். சமீபத்தில் கூலண்ட் மாற்றியிருந்தால் கொஞ்ச நேரம் காற்று வந்து நிற்கும், அது பரவாயில்லை. நிற்காமல், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடுகிற குமிழ் ஹெட் கேஸ்கட்டைக் காட்டுகிறது. கூலண்ட் சூடாகும் முன்பே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

பைக், ஸ்கூட்டர்

காற்றால் குளிரும் எஞ்சின் என்றால் அதில் கூலண்ட் என்பதே கிடையாது, ஆகவே ஆயில் வெளுத்தால் அது ஈரம், அல்லது வாட்டர் சர்வீஸில் அடித்த தண்ணீர், அல்லது வெள்ளம் தேங்கிய ரோட்டில் புகுந்த தண்ணீர். ஆயிலை மாற்றி, நீளமாக ஒரு ஓட்டம் ஓட்டி, மறுபடி பாருங்கள். கூலண்ட் உள்ள பைக்கில் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும், வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள ஓட்டையை முதலில் பாருங்கள்.

வொர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியது

ஹெட்டை இறக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், அதற்கு முன் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று, ரேடியேட்டரில் கை பம்பை மாட்டி மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி கால் மணி நேரம் விடுவது. முள் இறங்காமல் நின்றால் கசிவு இருக்க வாய்ப்பு குறைவு, இறங்கினால் எங்கே ஈரம் வருகிறது என்று தேடலாம், வெளியே எங்கும் இல்லையென்றால் உள்ளே. இன்னொன்று, நீல நிறத் திரவம் உள்ள ஒரு கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருந்து வரும் காற்றை அதில் இழுப்பது, சிலிண்டர் வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நம் மாவட்டத்தில் எல்லா இடத்திலும் இந்தக் கருவி இருக்காது, நாகர்கோவிலில் கொஞ்சம் விசாரித்தால் கிடைக்கும், ஹெட்டை இறக்கும் கூலியோடு பார்த்தால் அதற்கான செலவு ஒன்றுமே இல்லை.

போகும்போது டேப்பில் எழுதிய தேதி, கிலோமீட்டர், எவ்வளவு குறைந்தது, புகை காலையில் மட்டுமா எப்போதுமா, தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் படித்துவிட்டு நேராக உரிய இடத்துக்குப் போவார். மாமாவின் வண்டியில் அந்த டேப் இன்னும் ஒட்டியிருக்கிறது, இரண்டு மழைக்காலம் கடந்தும் மட்டம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியை ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய் வருகிறார், திரும்பியதும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுவார்.